டிஸ்க் கோல்ஃப் களத்தில் மரம் செடிகளில் கைவைப்பதற்கு முன்: பினாங்கு ஆட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எல்லாக் களத்திலும் இப்படி ஒரு கிளை இருக்கும். எறியத் தொடங்கும் இடமான டீயில் நின்று பார்த்தால் கூடைக்கு நேர்வழி தெரியும். நடுவில் தலை உயரத்தில் அந்த ஒன்று மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். நன்றாக எறிந்த டிஸ்க்கும் அதில் தட்டிப் பொத்தென்று கீழே விழும். மூன்றாவது ஆள் எறிவதற்குள் கூட்டத்தில் யாராவது கேட்டுவிடுவார்: "அண்ணே, இத ஒடிச்சிட்டா என்ன?"

ஒடிக்கக்கூடாது. ஏன் கூடாது, ஒடிக்காமல் என்ன செய்வது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் யாரைக் கேட்டு எப்படி வெட்டுவது என்பதை வரிசையாக எழுதுகிறேன். பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் ஆடுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கோலாலம்பூரில் ஆடுபவர்களுக்குச் சட்டப் பகுதி மட்டும் மாறும்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. ஃபிரிஸ்பியைவிடச் சிறியதும் விளிம்பு கூரானதுமான டிஸ்க்கை டீயிலிருந்து எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் சேர்க்க வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் ஜெயிப்பார். எட் ஹெட்ரிக் என்பவர் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான களத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் வந்தது. கூடை வருவதற்கு முன்னால் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறியாக வைத்துத்தான் எறிந்தார்கள். இப்போது குறி கூடைக்கு மாறிவிட்டாலும் ஆட்டத்தின் கஷ்டம் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. புல்வெளி கோல்ஃபில் இருப்பது போல மணல்குழி இங்கே கிடையாது. மரங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு திடலும் ஒரு கூடையும். யாருக்குக் கைப்பலம் அதிகம் என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நம் ஊர்ச் சூழலையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் நெறிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் உருவானவை. அங்கே செடி கொடி ஆண்டில் பாதி நாள் தூங்கும். இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால், லாலாங் புல் முழங்காலைத் தாண்டிவிடும்; மிக்கானியா கொடி வேலியை மூடி, பக்கத்துச் செடியையும் மூடிவிடும். "எதையும் வெட்டவே கூடாது" என்று உட்கார்ந்திருந்தால் டீக்கும் கூடைக்கும் நடுவில் உள்ள ஆட்டப் பாதையான ஃபேர்வே காடாகிவிடும். ஆனால் இந்த வேகம் புல்லுக்கும் கொடிக்கும்தான். நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்றை அறுத்துவிட்டால், அந்த இடத்தில் அதே மாதிரி ஒன்று நம் காலத்தில் வராது. புல் வெட்டுவது பராமரிப்பு வேலை. மரக்கிளை வெட்டுவது களத்தின் வடிவத்தையே மாற்றும் வேலை. இரண்டுக்கும் ஒரே அனுமதி போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

படி 1: நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூடை நம் காசில் வாங்கியதாக இருக்கலாம். அது நிற்கும் மண் நம்முடையது இல்லை. பொதுப் பூங்கா, திடல் என்றால் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், அதாவது எம்பிபிபி; பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம், எம்பிஎஸ்பி. ஆற்றோரமும் பெரிய வடிகால் ஓரமும் பெரும்பாலும் ஜேபிஎஸ் என்ற வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கையில் இருக்கும். காப்புக் காடு என்றால் வனத்துறை. பள்ளி, கல்லூரி, கோயில், எஸ்டேட் நிலம் என்றால் அந்தந்த நிர்வாகம். ஒரே களத்தில் முதல் ஆறு கூடை மன்றத்து நிலத்திலும், ஏழாவது ஆற்றங்கரை ஒதுக்கீட்டிலும் நிற்கலாம். மன்றத்தில் வாங்கிய அனுமதி ஏழாவது கூடைக்குச் செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மாநிலங்களுக்குப் பொருந்தும் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது சட்டம் 172-இல், மரங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை உள்ளூர் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் சாய்ப்பது குற்றம். 80 சென்டிமீட்டர் என்றால் 32 இஞ்ச் பேண்ட் போடுபவரின் இடுப்பளவு. பெரிய மரம் என்று யாரும் சொல்லாத மரமே இந்தக் கணக்கில் வந்துவிடும். பட்ட மரம், உடனடி ஆபத்து போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் "என் ஃபோர்ஹேண்டுக்கு இடைஞ்சல்" என்பது எந்த விலக்கிலும் வராது. தனியாகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கப்பட்ட மரம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. கோலாலம்பூருக்கு இந்தச் சட்டம் இல்லை. அங்கே 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். கேட்க வேண்டிய இடம் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்.

அதற்காக 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வெட்டலாம் என்று அர்த்தம் இல்லை. அடுத்தவர் நிலத்துச் செடி அடுத்தவருடையது.

சில இடங்களில் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அப்படிப்பட்ட இடம்; அங்கே கிளையை விடுங்கள், டிஸ்க்கையே பையை விட்டு எடுக்காதீர்கள். பினாங்கு மலை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. மலைச்சரிவு எதுவானாலும் புதர் என்று நினைத்து வழி வெட்டாதீர்கள். 2017 நவம்பரில் பெய்த பேய்மழையில் இந்தத் தீவில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. சரிவில் நிற்கும் புதரும் புல்லும்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாம் கால் வைத்து ஏற்படுத்தும் ஒற்றையடிப் பாதை அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும்.

காகிதத்தில் வராத உரிமைகளும் உண்டு. அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும், சூலம் நட்டிருக்கும், இல்லாவிட்டால் சீனர்கள் வணங்கும் காவல் தெய்வமான டத்தோ கோங்குக்குச் சிவப்புச் சாயம் பூசிய சின்ன மாடமும் ஊதுவத்திக் கிண்ணமும் இருக்கும். அந்த மரத்தை விட்டுத் தள்ளியே கூடை வையுங்கள். வேறு சில மரங்களில் அடையாளமே இருக்காது. பலகைவீட்டுத் தாத்தா ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு திடல் ஓரத்தில் ஒரு ஜம்பு மரம் வைத்திருப்பார். பாட்டி ஒருவர் முருங்கைக் கொம்பு ஊன்றியிருப்பார். நீங்கள் கிளையைப் பிடித்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "தம்பி, அது நான் வச்சது." அப்போது சட்டம் 172 எல்லாம் பேசக்கூடாது. "மன்னிச்சிருங்க ஐயா, தெரியாது" என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்று காட்டுங்கள். அடுத்த வாரம் காணாமல்போன டிஸ்க்கை எடுத்துவைத்துக் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார்.

படி 2: ஆடும்போது விதி எவ்வளவு விடுகிறது

போட்டியோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டமோ, பிடிஜிஏ விதியைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தகராறு வராது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். உங்கள் டிஸ்க் காகிதப்பூப் புதருக்குள் போய் நிற்கிறது. டிஸ்க்கின் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டம்தான் உங்கள் லை. எறியும்போது ஒரு காலோ முழங்காலோ அதற்குள் ஊன்றியிருக்க வேண்டும். அங்கே போய் நிற்பதற்கு இரண்டு மூன்று வழி இருந்தால், புதர் எதில் குறைவாக அசையுமோ அந்த வழியில்தான் நிற்க வேண்டும். நின்ற பிறகு, கை வீச இடம் வேண்டும் என்று கிளையை நகர்த்தக் கூடாது. எறிகிற வீச்சில் கை பட்டு இலை ஆடினால், ஒன்றிரண்டு உதிர்ந்தால் தப்பில்லை.

நடைமுறையில் நடப்பது என்ன? ஒருவர் முதுகால் கிளையைத் தள்ளிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் தாழ்ந்த கொம்பைக் காலடியில் போட்டு மிதித்துக்கொள்வார். வேறொருவர் ஒரு கிளையை இன்னொரு கிளைக்குப் பின்னால் லாவகமாகச் சொருகிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எறிவார். மூன்றும் விதிமீறல், அனுமதியில்லாமல் தடையை நகர்த்தியதற்கு ஒரு எறி அபராதம். வேண்டுமென்றே ஒடித்தால், பிய்த்தால், சேதப்படுத்தினால் இரண்டு எறி அபராதம். போட்டியிலிருந்தே நீக்கவும் செய்யலாம். எனக்கு இவர்களைவிட எரிச்சல் தருபவர் வேறு ஒருவர். "பயிற்சி வீச்சு" என்று சொல்லிக்கொண்டு ஏழெட்டு முறை பலமாகக் கையை வீசி, முன்னால் இருக்கும் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, அதன் பிறகு நிதானமாக எறிபவர். கேட்டால், "கை தானா பட்டுச்சு" என்பார்.

தரையில் கிடக்கும் உதிர்ந்த இலை, கல், மரத்தோடு தொடர்பு விட்டுப்போன சுள்ளி இவற்றை நீங்கள் கால் வைக்கும் இடத்திலிருந்து எடுக்கலாம். உங்களுக்கும் கூடைக்கும் நடுவில் கிடக்கும் விழுந்த கிளையை எடுத்து வழி பண்ணிக்கொள்ள முடியாது. ஒரு நுனி இன்னும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது மரம்தான். இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நிற்கவே முடியாத இடம் என்றால் ஒரு எறி அபராதம் ஏற்றுக்கொண்டு, கூடையிலிருந்து டிஸ்க் வழியாகப் பின்னால் போகும் கோட்டில் விலகி எறியலாம். குளவிக்கூடு போன்ற ஆபத்தான பூச்சியோ பிராணியோ இருந்தால் அபராதம் இல்லாமலே விலகலாம். முசுறு எறும்பு இலைகளைத் தைத்துக் கட்டிய கூடு தோள் உயரத்தில் தொங்கினால், அதை டிஸ்க்கால் தட்டிப் பார்க்கும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

படி 3: யாரையும் கேட்காமல் செய்யக்கூடியவை

இந்தப் பட்டியல் சின்னது. குப்பை பொறுக்கலாம். நடைபாதையில் விழுந்து கிடக்கும் தென்னை மட்டையை ஓரமாக இழுத்துப் போடலாம். டீயில் பரவிய சருகைக் கூட்டலாம், மழைநாளில் வழுக்காமல் இருக்கும்.

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும், பலருக்குத் தோன்றாது. புதருக்குள் தொலைந்த டிஸ்க் மல்லாந்து விழுந்தால் அதில் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிட அது தாராளம். டிஸ்க் போனால் போகிறது என்று விட்டுவிடாதீர்கள், தேடி எடுங்கள். தேடும்போது ஐந்து பேரும் வரிசையாக இறங்கிப் புதரை மிதிக்க வேண்டாம். ஒருவர் உள்ளே போக, மற்றவர்கள் விளிம்பில் நின்று பார்த்தால் போதும். கைக்குப் பதில் நீளக் குச்சியால் இலையை விலக்குங்கள். பாம்பு இருந்தால் அதற்கும் வழி கிடைக்கும்.

பையைச் சின்னக் கன்றில் மாட்டாதீர்கள். டீ எண் பலகையை மரத்தில் ஆணி அடித்து வைக்காதீர்கள். கம்பியால் கட்டுவது அதைவிட மோசம். தைப்பூசம் முடிந்து பந்தல் பிரிந்த பிறகும் சாலையோர மரங்களில் சில கம்பிகள் தங்கிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் மரம் பருத்துக் கம்பி பட்டைக்குள் போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை தயாரிக்கும் உணவு பட்டைக்கு உள்பக்கத் திசு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் இறுக்கினால் வேர் பட்டினி. பலகை வேண்டுமென்றால் தனிக் குச்சி ஊன்றுங்கள்.

படி 4: டிஸ்க் மரத்தில் மாட்டிக்கொண்டால்

மரத்துக்கு அதிகச் சேதம் நடப்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான். கல் எறிவது, கட்டை எறிவது, இன்னொரு டிஸ்க்கை எறிந்து அதுவும் மாட்டிக்கொள்வது, அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து மரத்தை உலுக்குவது.

முதலில் ஆட்டத்தை முடியுங்கள். டிஸ்க் கைக்கு வராவிட்டாலும் அதற்கு நேர் கீழே தரையில் குறித்துக்கொண்டு ஆடலாம். 2 மீட்டருக்கு மேல் மாட்டினால் ஒரு எறி அபராதம் என்ற விதி, போட்டி நடத்துபவர் முன்பே அறிவித்திருந்தால்தான் பொருந்தும். ஆட்டம் முடிந்த பிறகு நீட்டிச் சுருக்கும் கம்பு ஒன்றை வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். குழுவுக்கு ஒரு கம்பு வாங்கி ஒருவர் கார் பூட்டில் போட்டு வைத்தால் போதும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கம்பை எடுக்கவே எடுக்காதீர்கள், அந்த டிஸ்க்கை மறந்துவிடுங்கள். மரம் ஏறவும் வேண்டாம். அங்சானா, தூங்குமூஞ்சி மரங்களில் கீழேயிருந்து நல்லதாகத் தெரியும் கிளை உள்ளே உளுத்துப்போயிருக்கும். குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் அதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இருக்கிறது, குரங்கிடம் இல்லை.

படி 5: இடைஞ்சல் யாருக்கு?

ஒரு கிளையை வெட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் குழுவுக்குள் பேச வேண்டியது இது.

அது ஆளுக்கு ஆபத்தா? முறிந்து தொங்கும் கிளை, நடைபாதைப் பக்கம் சாய்ந்த மரம், கண் உயரத்தில் நீட்டும் முள் இவற்றில் விவாதம் வேண்டாம், உடனே தெரிவியுங்கள். 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்துபோனார். இப்படிப்பட்ட புகாரை அலட்சியமாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆபத்து இல்லை, ஆட்டத்துக்குத்தான் தடை என்றால், எல்லாருக்குமா, சிலருக்கா? வலக்கையால் பேக்ஹேண்ட் எறிபவருக்கு டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் விழும், இடக்கையாளருக்கு வலப்பக்கம். ஒரு பக்கத்துக் கிளையை எடுத்தால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் வழி திறக்கும். குழுவில் இடக்கைக்காரர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் வாயும் திறக்கமாட்டார். அவரைக் கேளுங்கள். புதிதாக ஆட வந்த தங்கையையும் கேளுங்கள். நன்றாக ஆடுபவருக்கு எந்தக் கிளை எரிச்சல் தருகிறதோ அது பெரும்பாலும் அந்தக் கூடையைச் சுவாரசியமாக்கும் கிளையாகத்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மூன்று வாரம் எல்லாரும் சந்தோஷமாக இரண்டில் முடிப்பார்கள், அப்புறம் அந்தக் கூடை அலுத்துப்போகும்.

மூன்றாவது கேள்விக்குத்தான் என் ஓட்டு: கூடையை நகர்த்தினால் என்ன? நம்மில் பலர் மடக்கித் தூக்கிப் போகும் கூடையில்தான் ஆடுகிறோம். டீயை நான்கு அடி தள்ளி வைத்தால் கிளைக்குக் கீழே இன்னொரு பாதை கிடைக்கும். கூடையை அவ்வப்போது இடம் மாற்றுவது மரத்துக்கும் நல்லது. ஒரே மரத்தடியில் நாள்தோறும் எல்லாரும் நின்றால் மண் இறுகிவிடும். நீரும் காற்றும் எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. புல் தேய்ந்து வழுவழுவென்று மண் தெரிந்தால் கூடை அங்கே அதிக நாள் இருந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 6: சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய விதத்தில்

முதலில் களத்தைப் பார்த்துக்கொள்ளும் குழு. "அஞ்சாவது கூடைல ஒரு மரம் டேஞ்சரா இருக்கு" என்று மொட்டையாக அனுப்பினால் எந்த மரம், எந்தப் பக்கம் என்று இருபது செய்தி போகும். இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம் அண்ணே. 5-ஆவது கூடை, டீயிலேர்ந்து சுமார் 40 மீட்டர், வலது பக்கம் தூங்குமூஞ்சி மரம். மணிக்கட்டு கனத்துல ஒரு கிளை முறிஞ்சு மேலயே தொங்குது, நடைபாதைக்கு நேர் மேல. நேத்துக் காத்துல முறிஞ்சிருக்கும்போல. தூரத்துலேர்ந்து ஒண்ணு, கிட்ட ஒண்ணு படம் போட்டிருக்கேன். நான் எதையும் தொடல. சரிபண்ற வரைக்கும் அந்தக் கூடைய விட்டுட்டு ஆடலாமா?"

இடம், மரம், கனம், படம், என்ன செய்யவில்லை என்பது. அவ்வளவுதான் வேண்டும்.

குழுவிலிருந்து ஒருவர் மட்டும் நிலத்துக்காரரிடம் பேசட்டும். ஆளுக்கு ஆள் மன்றத்துக்குப் போன் போட்டால் அவர்களுக்குக் குழப்பம். மாநகர் மன்றம் என்றால் நில வனப்புத் துறைக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம்: இடம், வரைபடம், படங்கள், கேட்கும் வேலை, யார் செய்வது. "மன்றத்து ஆட்களே செய்தாலும் சரி, உங்கள் மேற்பார்வையில் நாங்கள் செய்தாலும் சரி" என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். பதில் எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். கௌண்டரில் யாரோ தலையாட்டியது அனுமதி ஆகாது.

புல் வெட்டும் குத்தகைக்காரரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நைலான் நூல் சுழலும் மெஷின் அடிமரத்தை ஒட்டிப் போகும்போது இளங்கன்றின் பட்டையைச் சீவிவிடும். குனிந்து பார்த்தால் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு வெளிறிய வளையம், அதன் விளிம்பில் காய்ந்து சுருண்ட பட்டை. சுற்றிலும் சீவப்பட்டால் அந்தக் கன்று தேறாது. பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து அடியில் மாட்டிவிடலாம் என்று யோசனை சொல்லுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கடிதத்தைவிட இது சீக்கிரம் பலிக்கும்.

படி 7: வெட்டும் நாள்

அனுமதி வந்துவிட்டது, சின்ன வேலைதான், நாமே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே வெட்ட வேண்டியவற்றில் மட்டும் நாடா கட்டுங்கள். நாடா இல்லாத எதையும் அன்று யாரும் தொடக்கூடாது. கையில் கத்தி வந்ததும் ஊக்கம் வந்துவிடும், "இதையும் சேத்து எடுத்துருவோம்" என்பார்கள். அதற்குத்தான் நாடா.

பாராங் கத்தியை வீட்டில் வையுங்கள். லாலாங் வெட்ட அது சரி, கிளைக்குச் சரி வராது, பட்டையைக் கிழித்துவிடும். விரல் கனத்துக்கு நல்ல கத்திரி, அதற்கு மேல் கைவாள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஒன்றில் இருக்கும் பூஞ்சை மற்றதற்குப் போகாது. ஏணி வேண்டும் என்ற நிலை வந்தால், செயின்சா வேண்டும் என்ற நிலை வந்தால், அது நம் வேலை இல்லை. மின்கம்பி பக்கம் என்றால் மின்வாரியமான டிஎன்பிக்குச் சொல்ல வேண்டும்.

கத்தி வைப்பதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். தேன்சிட்டு தாழ்ந்த கிளை நுனியில் பை மாதிரி கூடு தொங்கவிடும், குப்பை சிக்கியிருக்கிறது என்றே தோன்றும். கொண்டைக்குருவி இடுப்பு உயரப் புதரிலேயே கட்டும். இருந்தால் அந்த வேலையைத் தள்ளிவையுங்கள். பாதுகாக்கப்பட்ட பறவைகளுக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் காவல் இருக்கிறது.

இனி வெட்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்று உப்பிய, சுருக்கம் விழுந்த வளையம் ஒன்று தெரியும். கிளைக் கழுத்து. காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வரும். அதற்கு வெளியே, ஆனால் அதை ஒட்டி வெட்ட வேண்டும். அடிமரத்தோடு சமமாகச் சீவினால் கழுத்தும் போய்விடும், காயம் மூடாமல் உளுக்கும். ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் கட்டை காய்ந்து அழுகி உள்ளே இறங்கும். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: முதலில் அடிமரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுதாக, கனம் விழுந்த பின் மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே. முதல் வெட்டை விட்டுவிட்டால், கிளை விழும்போது கீழ்ப்பக்கப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் பெயிண்டோ தாரோ பூச வேண்டாம், மரம் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு மரத்தில் ஒரு வருடத்துக்குப் பச்சை இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். உச்சியைத் தறிப்பது எப்போதும் கூடாது.

பனை வகைக்கு இது எதுவும் பொருந்தாது. தென்னைக்கும் பாக்குக்கும் வளரும் குருத்து ஒன்றே ஒன்று. அது போனால் மரமே போய்விடும். காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுங்கள்.

தெரியாத மரத்தின் பால் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றோரத்தில் வளரும் ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். நீளக் கை சட்டையும் கையுறையும் போதும்.

படி 8: வெட்டிய பிறகு

எரிக்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். வடிகாலில் தள்ளினால் அடுத்த மழையில் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குள் தண்ணீர் போகும். நிலத்துக்காரர் காட்டிய இடத்தில் குவியுங்கள். இலையையும் சின்னச் சுள்ளியையும் நறுக்கி மரத்தடியில் மூடாக்காகப் பரப்பலாம். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும். மிக்கானியாவையும் லாலாங் கிழங்கையும் இதில் சேர்க்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

யாராவது ஏற்கெனவே ஒடித்துவிட்டால்

ஆட்டத்தின் நடுவில் நண்பர் ஒருவர் ஒடித்துவிட்டார். எல்லார் முன்னாலும் பாடம் நடத்தினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த இடம் நம்ம பேருல இல்ல. பார்க் ஆளுங்க பாத்தா எல்லாருக்கும் ஆட்டம் போயிரும்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். போட்டியாக இருந்தால் அபராத எறியை அந்த இடத்திலேயே எழுதுங்கள், அன்பெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு.

ஒடிந்த இடத்தை மண் பூசி மறைக்க வேண்டாம், கிளையைப் புதருக்குள் ஒளிக்கவும் வேண்டாம். நார்நாராகக் கிழிந்த நிலையில் விட்டால் அது அழுகும். சுத்தமாக வெட்டிவிடவும் அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும். படம் எடுத்து, என்ன நடந்தது என்று நிலத்துக்காரருக்கு நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. புல் வெட்டும் ஆள் சொல்லி அவருக்குத் தெரியவந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடையை இறக்கவே விடமாட்டார்கள்.